பச்சைக் கார் விற்பனைக்கு

என் கணவர் காரை விற்றுவிடலாம் என்று சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. நான் வேலைக்கும், காய்கறி வாங்கப் பாசாருக்கும் ஓட்டிய சின்னக் காரை அவர் எப்போதும் ‘உன் காடி’ என்பார். வெறுமனே ‘காடி’ என்றால் அது முன்வாசல் கூரையின் கீழே போர்வை போர்த்திக்கொண்டு நின்ற பச்சை நிற அமெரிக்கக் கார். அதற்கு நிழல் கொடுத்ததால் என் காடி பல வருஷங்களாகத் தெருவோரத்தில் வெயிலில் காய்ந்தது.

“விளம்பரம் நீ எழுதிக் குடு,” என்றார். “இங்கிலீஷ்ல எழுது. பழைய காடி சேக்கிறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அவங்க கண்ணுல பட்டா போதும்.”

சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன்.

ஓய்வு பெறும்வரை நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தமிழில் சொல்வதை மலாயிலும் ஆங்கிலத்திலும் திருப்பிச் சொல்ல வேண்டும். சாட்சி அழுதாலும் என் குரல் மாறக்கூடாது. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டதாக என் கணவர் குறைபட்டுக்கொள்வார். இருக்கலாம். இதையும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

அந்தக் காரை அவர் கண்டுபிடித்தது நிபோங் திபாலில். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பழைய வெள்ளைக்காரன் காடி கிடக்கிறது என்று யாரோ பந்தியில் சொன்னார்கள். கை கழுவியதும் பார்க்கப் போய்விட்டார். பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைக்காரர்கள் இருந்த காலத்தில் அவர்களில் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது அது. அமெரிக்கக் கார் என்றாலும், ஆஸ்திரேலியாவிலேயே ஸ்டீயரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர் அதைத் தோட்டத்து நிர்வாகியிடம் விட்டுப் போனார். நிர்வாகி காலமான பிறகு கார் உர மூட்டைகளுக்கு நடுவே நின்றது. என் கணவர் பார்த்தபோது கேன்வாஸ் கூரை இற்றுப்போய், பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து பிறகுதான் லாரியில் ஏற்றினார்.

அப்போது அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சீனர் பட்டறை வைத்திருந்தார். தவுக்கே என்று எல்லாரும் கூப்பிட்ட அந்த முதலாளி தன் பட்டறையின் பின்மூலையைக் காருக்கு ஒதுக்கித் தந்தார். வேலை முடிந்து வந்த சாயங்காலங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் அங்கேயே போயின. அடித் தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்தார். எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பிரித்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடி பூட்டினார். அமெரிக்காவிலிருந்து பார்சல்கள் வரும். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கார்தான் இவருக்குப் பிள்ளை என்று சொந்தக்காரர்கள் என் காதுபடச் சொல்வார்கள். அதில் உண்மை இல்லை. அவர் அதைக் கொஞ்சவோ பேர் வைத்துக் கூப்பிடவோ செய்ததில்லை. செய்யத் தெரிந்த வேலை ஒன்று அவர் முன்னால் கிடந்தது, செய்தார். அவ்வளவுதான்.

கார் முடிந்து சாலைக்கு வந்த முதல் மாதத்திலேயே விபத்து நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. கூரையை மடக்கிவிட்டுக் கடலோரச் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். ஜெலுத்தோங் பாசாருக்கு முன்னால் இடது பக்கச் சந்தில் திருப்பினார். நான் காற்றில் பறந்த தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தகரத்தில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. என் கதவுக்கு மிக அருகில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து விழுந்தது. ஓட்டி வந்தது ஒரு மலாய்ப் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். எழுந்து உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டு பார்க்கும்போதே வீங்கியது.

என் கணவர் ஓடிப்போய் மோட்டாரைத் தூக்கி நிறுத்தினார். அந்தப் பெண் அவரை மாமா முறையில் அழைத்து மலாயில் சொன்னாள்: “மன்னிச்சிடுங்க பாக்சிக். நான்தான் ரொம்ப ஒட்டி வந்துட்டேன்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளை என் பக்கத்தில் உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எலும்பில் விரிசல். கட்டுப் போட்டார்கள். அவர் கடைக்குப் போய் அவளுக்குப் பழங்கள் வாங்கி வந்தார். போலீஸில் வாக்குமூலம் எழுதியபோதும் அவள் அதையே சொன்னாள்: கார் சிக்னல் போட்டது, நான்தான் இடது பக்கமாக நுழைந்தேன். என் கணவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த வாரம், கண்ணைக் காட்ட வேண்டும் என்று அவரே சொன்னார். டவுனில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். இனிமேல் வாகனம் ஓட்டக்கூடாது.

என் கணவர் முதல்தடவை கேட்கிறவர் போலக் கேட்டார். இரண்டு கேள்விகள்கூடக் கேட்டார். சாட்சிக் கூண்டில் எத்தனையோ பேர் பக்கத்தில் நின்றவள் நான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் துணி மடித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம்.

விளம்பரம் எழுதுவது எளிதாக இல்லை. “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதினால், “எது நல்ல நிலை? பின்பக்கத் தகரம் புதுசு. அத எழுது” என்பார். “அசல் நிறம்” என்று எழுதினால், “அசல் பச்சை இல்ல. அசலப் பாத்துக் கலக்கின பச்சை. கலக்கினதுன்னு போடு.” ஸ்டீயரிங் இடம் மாறியதை முதல் வரியிலேயே போடச் சொன்னார். இப்படி எழுதினால் யாரும் வரமாட்டார்கள் என்றேன்.

“வர்றவன் வருவான் லா. பொய் சொல்லி விக்கக்கூடாது.”

அந்த வாக்கியத்தை நான் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

வாங்க வருகிறவர்கள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். அவர் ஓட்ட முடியாது. முன்பின் தெரியாதவர் கையில் சாவியைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. மிச்சம் நான்தான். எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம் உண்டு, ஆனால் என் காடி ஆட்டோ கியர். பச்சைக் காரின் கிளட்ச் வேறு விஷயம். இடது காலால் ஒரு மாவு மூட்டையைத் தள்ளுவது போல இருந்தது.

பழகுவதற்கு பத்து காவான் என்ற ஊருக்குப் போனோம். அங்கே தவுக்கே காரை ஓட்டி வந்து தந்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டார். முன்பு தோட்டமாக இருந்த இடத்தில் அகலமான புதுச் சாலைகள், தொழிற்சாலைகள். விடுமுறை நாளில் ஆள் நடமாட்டம் இருக்காது. என் கணவர் முதன்முறையாக இடது சீட்டில் உட்கார்ந்தார். நான் இரண்டு முறை எஞ்சினை அணைத்துவிட்டேன். மூன்றாவது முறை கார் குலுங்கிக் கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும், “எடது பக்கம் என்ன போவுது?” என்று கேட்டார்.

“கம்பி வேலி. உள்ள லாரிங்க நிக்குது.”

“சோத்துப் பக்கம்?”

“செடி நட்டிருக்காங்க. சின்ன மரம். ஒரு ஆளு சைக்கிள்ல போறான்.”

அவர் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். நேரே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கங்களை நான் சொன்னேன். யாரும் திட்டம் போட்டு ஏற்பாடு செய்ததில்லை. கேட்டார், சொன்னேன், அப்படியே பழகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி, பஸ் நிறுத்தம், நாய், ஒரு பங்களாதேஷிக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து போனில் பேசுகிறார். நீதிமன்றத்தில் செய்த வேலைதான். ஆனால் இங்கே எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் வந்தவர்கள் கோலாலம்பூரிலிருந்து வந்த மூன்று பேர். ஒரே மாதிரி டீசர்ட் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்து, காரின் உடம்பு முழுவதும் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. எங்கும் ஒட்டியது. அவர்கள் முகம் வாடியதுபோல எனக்குத் தோன்றியது. குறை கிடைத்தால் பேரம் பேச வசதி. ஸ்டீயரிங் மாறியிருப்பதால் வெளிநாட்டில் மதிப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்து வந்தவர் சுங்கை பட்டாணியில் கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். கலகலப்பான மனிதர். “அண்ணே, வெள்ளை அடிச்சுட்டா போதும். மாப்பிள்ள பொண்ணு பின்னால நின்னுக்கிட்டே வரலாம். பூ மட்டும் சுத்தினா எங்கயோ போயிடும் காடி” என்றார். என் கணவர் சிரித்தார். தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள், உங்கள் காடி என்றார். நான் எதிர்பார்த்தது அதுவல்ல. ஆனால் அந்த மனிதர் சொன்ன தேதியில் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் பழைய கார்கள் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டையோடு கீழே படுத்து அடிப்பாகத்தைப் பார்த்தார். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே, “விளம்பரத்துல எழுதினது அப்படியே இருக்கு. இப்படி ஒண்ண நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல” என்றார். என் கணவர் கை குலுக்குவதற்காகக் கையை நீட்டினார். பாய் பக்கவாட்டில் நின்றதால் நீட்டிய கை சும்மா காற்றில் நின்றது. பாய் அதைக் கவனித்துவிட்டு ஓரடி நகர்ந்து, எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் தேநீர் கொண்டுவந்தபோது இருவரும் காரின் மூக்கில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க பெரிய அண்ணனுக்கும் இதே கண்ணுதான்,” என்றார் பாய். “அவர் கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு எப்பண்ணே தெரிஞ்சுச்சு?”

“கூரை தைக்கக் குடுத்தேன் பாருங்க, அப்பவே. தவுக்கே பட்டறைல தலைய ரெண்டு தடவ கதவுல இடிச்சுக்கிட்டேன். என்னமோ சரியில்லன்னு ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவர் அப்பவே சொல்லிட்டாரு, ஓட்டாதீங்கன்னு.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரிந்தது. நான் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன்.

கூரையைத் தைக்கக் கொடுத்தது பெயின்ட் அடிப்பதற்கு முன்னால். அதற்குப் பிறகு பெயின்ட், பிறகு விளக்குகள், சீட்டு, பரிசோதனை, சாலை வரி. எல்லாம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கும் பிறகுதான் பாசாருக்கு முன்னால் அந்தத் திருப்பம்.

தட்டை வைத்துவிட்டுச் சாவியை எடுத்தேன். பாய் ஒரு சுற்றுப் போக வேண்டுமே. என் கணவர் பக்கத்தில் ஏறினார். பாய் பின்சீட்டில் உட்கார்ந்தார். கிளட்ச் அன்றைக்கு முரண்டு பிடிக்கவில்லை. கடலோரச் சாலைக்கு வந்ததும், “எடது பக்கம் என்ன?” என்று என் கணவர் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். நான் சாலையையே பார்த்தேன். பின்னாலிருந்து பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “லாரி ஒண்ணு போவுதுண்ணே. மண்ணு லாரி” என்றார். அதன்பின் வீடு வரும்வரை பக்கங்களைப் பாய்தான் சொன்னார். தயங்கித் தயங்கி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போல.

இறங்கியதும், காரை எடுத்துக்கொள்வதாகவும் பிறகு போன் செய்வதாகவும் சொல்லிவிட்டு அவர் சீக்கிரமே போய்விட்டார். காரை இன்னும் முன்வாசல் கூரைக்குள் ஏற்றியிருக்கவில்லை. மழைத்துளி விழ ஆரம்பித்தது. கேன்வாஸ் கூரையை மூட இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்தோம்.

“ஒரு வருஷமா எனக்குத் தெரியாம சொட்டு மருந்து எங்க வச்சிருந்தீங்க?” என்று கேட்டேன். நிறையக் கேள்விகள் இருந்தும் முதலில் வந்தது அதுதான்.

“பட்டறையில. தவுக்கே ஃப்ரிஜ்ல.”

“அவருக்குத் தெரியுமா?”

“பூச்சிக் கடிக்குன்னு சொல்லியிருந்தேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நிப்பாட்டியிருப்ப. கண்ணு இருக்கிறப்பவே முடிச்சுடணும்னு பாத்தேன்.”

“முடிச்சதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஏன் ஓட்டினீங்க?”

அவர் கொக்கியை மாட்ட முயன்றார். அது ஓரத்தில் இருந்ததால் கை தடவித் தடவிப் போனது. நான் மாட்டிவிடவில்லை.

“நேரா நல்லாத்தானே தெரியுது. சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். கொஞ்ச நாள் ஓட்டிட்டு விட்டுடலாம்னு.”

“அந்தப் பொண்ணு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டா.”

“தெரியும்.”

“நீங்க அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டீங்க.”

மழை கனத்தது. அவர் முகத்தில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் உள்ளே போய்விட்டேன். அவர் வெளியே நின்று கொக்கியை மாட்டி முடித்துவிட்டு வெகுநேரம் கழித்து வந்தார்.

அன்றும் மறுநாளும் அவசியமானதைத் தவிர நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, “அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போவணும். வர்றியா? இல்லன்னா பஸ்ல போயிடுறேன்” என்றார். நான் போகச் சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

என் காடியில் போனோம். அவள் வீடு அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டாவது மாடி. அவளும் அவள் அம்மாவும் மட்டும். கைக்கட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டு இருந்த இடம் வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரித்து உட்காரச் சொன்னாள். அம்மா தேநீர் போடப் போனார். இப்போதெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். தன் ஓட்டுதலில் தனக்கே நம்பிக்கை போய்விட்டது, அதனால் மோட்டாரைத் தம்பி முறையான ஒருவனிடம் கொடுத்துவிட்டாளாம்.

என் கணவரின் மலாய் பட்டறை மலாய். அதிலேயே சொன்னார்: எனக்குக் கண் ஓரம் தெரியாது. விபத்துக்கு ரொம்ப முன்னாலேயே டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார். தெரிந்தும் ஓட்டினேன். நீ ஒட்டி வரவில்லை. நான் உன்னைப் பார்க்கவில்லை. போலீஸில் நீ எழுதியது தவறு என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல் தேடும்போதும் என்னிடம் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அம்மா தட்டோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டார்.

“இத்தனை நாளும் என் தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்,” என்றாள். “சூப்பர்வைசர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். எங்கம்மா என்னைத் திட்டினாங்க. நீ எப்பவும் இப்படித்தான்னு திட்டினாங்க.”

“ஆமா,” என்றார் என் கணவர்.

“பாக்சிக் எனக்குப் பழமெல்லாம் வாங்கிட்டு வந்தீங்க. நான் நல்லவங்கன்னு நெனச்சேன்.”

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். பிறகு திரும்பி, தெளிவாகச் சொன்னாள். “போலீஸ்ல போய் இதையே சொல்லுங்க. என் பேர்ல எழுதினத மாத்தணும். இன்னிக்கே போங்க. இப்ப இங்க இருக்காதீங்க.”

அம்மா கையில் தட்டோடு அப்படியே நின்றார். நாங்கள் எழுந்து வந்தோம்.

நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்தவருக்கு முதலில் புரியவில்லை. முடிந்துபோன விஷயத்தை, அதுவும் தனக்கு எதிராகவே மாற்ற வந்தவரை அவர் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். அதன்பின் கடிதம் வந்தது, அபராதம் வந்தது, கட்டினார். உரிமத்தை அவரே திருப்பிக் கொடுத்தார். மாற்றிய வாக்குமூலத்தின் பிரதியை அந்தப் பெண்ணுக்கு அனுப்பி வைத்தோம். கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் அனுப்பினாள். அவள் மறுபடி மோட்டார் ஓட்டுகிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை என்பது என் எண்ணம். அவருக்கும் அதே எண்ணம்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது, அவர் கேட்காமலேயே நான் சொன்னேன்: “எடது பக்கம் பள்ளிக்கூடம் விட்டுருக்கு. பிள்ளைங்க மழைக்கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாங்க.”

“மழை இல்லையே?”

“இல்ல. ஆனா போட்டிருக்காங்க.”

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அது அதன் பாட்டுக்கு இருந்தது. சில நாள் காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் ஞாபகத்துக்கு வரும். சில நாள் சாயங்காலம்வரை வராது.

பாய் போன் செய்தபோது, விற்பதற்கு முன்னால் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும் என்று என் கணவர் விபத்தைப் பற்றிச் சொன்னார்.

“அந்தப் புள்ள நல்லா இருக்கா?” என்று பாய் கேட்டார்.

“கை சரியாயிருச்சு.”

“சரிண்ணே. காடி எனக்கு வேணும். ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு வண்டில அக்கா பேசாம வந்தாங்க பாருங்க, அப்ப எனக்கு எறங்கிப் போயிடலாம்னு இருந்துச்சு.”

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒப்படைக்கும் நாளன்று பாய் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நானே ஓட்டி வருகிறேன் என்றேன். கூரையை மடக்கினோம். பாலத்தில் ஏறியதும் எஞ்சின் சத்தத்தைக் காற்று அடித்துக்கொண்டு போனது. லாரிக்காரர்கள் ஜன்னலை இறக்கிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதை நான் கணவருக்குச் சொன்னேன். அவர் யாரென்று தெரியாமலேயே பொதுவாகக் கையசைத்தார். நடுப்பாலத்தில் வேகத்தைக் கூட்டினேன். எனக்கு அந்தக் கார் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறையில் இறங்கிவிட்டோம். வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்ததைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காரில் இனி அவரோடு ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுப் போக எனக்கு மனம் வராது என்பதும் அதே நிமிஷத்தில் தெரிந்தது.

கிடங்கில் கார்கள் வரிசையாக நின்றன. பாய் எங்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். என் கணவர் தலையை முழுவதுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பார்க்கப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மழை நாளில் கேன்வாஸை ஈரத்தோடு மடக்கக்கூடாது, பச்சைக்கு மெழுகு அதிகம் போடக்கூடாது என்று இரண்டு விஷயம் சொன்னார். சாவியைக் கொடுத்தார். பாயின் மகன் எங்களைப் படகுத்துறையில் கொண்டுபோய் விட்டான். ஃபெரியில் வீடு திரும்பினோம்.

இப்போது என் காடி முன்வாசல் கூரையின் கீழே நிற்கிறது. அவர் பஸ்ஸில் போய்ப் பழகிவிட்டார். பாசாருக்கு நடந்தே போகிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடாங் கோத்தாவில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். பாய் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். எனக்குப் போகத் தோன்றவில்லை. அவர் மட்டும் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தார். மூக்கெல்லாம் கறுத்திருந்தது.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“சரியான வெயில்.”

“காடி?”

“கூரைய மடக்கியே வச்சிருந்தாரு. யாரோட பிள்ளைங்களோ, ரெண்டு பேரு பின்சீட்ல ஏறி உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுதுங்க. சீட்டெல்லாம் ஒழுகிச்சு. பாய் ஒண்ணும் சொல்லல.”

“நீங்க?”

“எனக்கு என்ன? அவரு காடி.”

செருப்பைக் கழற்றிவிட்டு, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.